நாலு கிலோவில் அரை மணி

முள் நாலு கிலோவில் போய் நின்றபோது மணி பத்து நாற்பத்திரண்டு. ஜெசிந்தா பம்ப்பின் கைப்பிடியை விட்டாள், வால்வைத் திருகி மூடினாள், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அழுத்தம் காட்டுகிற கேஜுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். இனி பதினொன்று பன்னிரண்டு வரைக்கும் அவளுக்கு ஒரே வேலை, பார்த்துக்கொண்டிருப்பது. சும்மா உட்கார்ந்து பார்க்கிறதுக்கா சம்பளம் என்று அவள் மாமியார் பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளும் ஆமாம் என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொட்டி நிறையத் தண்ணீர், தண்ணீருக்கு மேல் அழுத்தம், அந்த அழுத்தத்தோடு அரை மணி நேரம். முள் அசையாமல் நின்றால் தொட்டி பாஸ், இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இதைப் படிக்காதவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவான். அரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். துவாக்குடிப் பக்கத்தில் இப்படிப் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன, எல்லாவற்றிலும் அரை மணி என்றால் பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்றால் ஒரு டீ. இங்கே மட்டும் அரை மணி என்றால் அரை மணிதான், ஜெசிந்தா பைத்தியக்காரி என்று பேர் எடுத்ததும் அதனால்தான். இன்றைய தொட்டி ஒரு தாய்சேய் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆபரேஷன் கத்தி கத்தரிகளை நீராவியில் வேகவைக்கிற தொட்டி. அதன் கதவுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் ஒரு நர்ஸ் நிற்பாள். நர்ஸின் முகத்தை ஜெசிந்தா நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததும் அது வந்துவிட்டது, நர்ஸின் முகமாக இல்லாமல் வழக்கம்போல அங்கம்மாளின் முகமாக.

முதல் பன்னிரண்டு நிமிஷம் எப்போதும் லேசாகத்தான் போகும். அந்த நேரத்தில் மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் முதல் வீட்டுக் குளியலறைக் குழாய் வரைக்கும் எல்லாவற்றையும் யோசிக்கலாம். கிரைண்டர் கத்துவது காதில் விழாது, வெல்டிங் வெளிச்சம் சுவரில் நீலமாக வந்து வந்து போவதும் கண்ணில் படாது. பதின்மூன்றாவது நிமிஷம் வந்தால் நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் எழுந்து போனது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று தொடங்குகிற நேரத்தில். அப்போது பட்டறை பெரியவர் கையில் இருந்தது. தெட்சிணாமூர்த்தி என்று போர்டில் பேர், உள்ளே எல்லாருக்கும் பெரியவர். அவர் வாயைத் திறந்தால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் அடங்கிப்போகும். ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. வெல்டர் என்றால் ஏய் வெல்டிங், ஸ்டோர்காரர் என்றால் ஏய் ஸ்டோர், அவள் ஏய் இன்ஸ்பெக்சன். அன்றைக்கு ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகவேண்டிய சோறு வேகவைக்கிற நீராவித் தொட்டி, லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது, அவள் இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். “ஏய் இன்ஸ்பெக்சன், லாரி நிக்குது, நீ என்ன அங்க உக்காந்து அடைகாத்துக்கிட்டு இருக்கிற?” ஷெட் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள் என்பதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாதது. சிரித்துக்கொண்டே எழுந்தாள், பன்னிரண்டை முப்பது என்று எழுதினாள், தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், தொட்டி லாரியில் ஏறியது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் முள் அசையவில்லை, சத்தியமாக அசையவில்லை. மிச்சம் பதினெட்டு நிமிஷத்தில் என்ன செய்திருக்கும் என்று யாருக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், அங்கம்மாளுக்கு ஒருவேளை தெரிந்திருக்கும்.

ஏழு மாதம் கழித்து அந்த ஹாஸ்டல் சமையல்கட்டில் தொட்டி வெடித்தது. பேப்பரில் வந்த செய்தியைப் பர்சேஸ் கிளார்க் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். சமையலுக்கு உதவியாக இருந்த அங்கம்மாள், வயது முப்பத்தெட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தாள் என்று இருந்தது. கூடவே தபால்தலை அளவுக்கு ஒரு படம், ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி, கேமராவைப் பார்த்து விழிக்கிற படம். விசாரணை நடந்தது, அதிகாரிகள் வந்தார்கள், ஜெசிந்தா எழுதிய பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முப்பது நிமிஷம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஹாஸ்டல்காரர்கள் சேஃப்டி வால்வைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்களாம், நீராவி வீணாகப் போகிறதென்று. அதனால் வெடித்தது, பட்டறை மேல் தப்பில்லை. அன்று பெரியவர் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். ஜெசிந்தா தின்றாள், நெய் கையில் ஒட்டியது. கம்பி கட்டாமல் இருந்திருந்தால் அந்த வெல்டிங் தையல் தாங்கியிருக்குமா, கம்பி கட்டியபிறகும் தையல் நன்றாக இருந்திருந்தால் இன்னொரு நாள் தாங்கியிருக்குமா, கேள்வி இப்படியே சுற்றிச் சுற்றி வரும், பிடி கொடுக்காது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது ஃபாதரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, விசாரணையிலேயே உன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்களே அம்மா, இல்லாத பாவத்துக்கு நான் எப்படி மன்னிப்புக் கொடுப்பது என்றார். ஆக அதுவும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் குக்கர் வைப்பதில்லை, சோற்றை வடித்துத்தான் எடுக்கிறாள். கஞ்சியில் சத்து இருக்கிறது என்று மகளுக்குக் காரணம் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் விசில் அடித்தால் பேச்சை நிறுத்திக்கொள்வாள், விசில் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அதைக் கவனித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது, முள் நாலில்தான் நின்றது. ஜெசிந்தா சாக்பீஸால் வெள்ளையடித்த மாதிரி பூசியிருந்த வெல்டிங் ஓரங்களைப் பார்த்தாள், ஈரம் இல்லை. கை தானாக மடியிலிருந்த டெஸ்ட் பாரப் பேடுக்குப் போய், மேல் தாளில் இருந்த கையெழுத்தைத் தடவியது. இப்போதைய முதலாளி திருமாறன் போட்ட கையெழுத்து, சாய்ந்து, கடைசியில் ஒரு சுழி. பெரியவர் போய்ச் சேர்ந்து பட்டறை மகன் கைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே எல்லாரையும் கூட்டிவைத்து, இனிமேல் இங்கே யாரும் யாரையும் பார்த்துக் கத்தக் கூடாது என்றான். அவளை அக்கா என்றான், வெல்டர் குழந்தைசாமியை அண்ணே என்றான், புதன்கிழமை தோறும் தன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கே வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். திங்கட்கிழமை காலையில் வாரத்துக்கு வேண்டிய டெஸ்ட் பாரங்களை எல்லாம் வெறுமையாகவே கையெழுத்துப் போட்டு அவள் மேசையில் வைத்துவிடுவான், நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிக்கா என்பான். அதை முதல் தடவை கேட்டபோது ஜெசிந்தா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பதிமூன்று வருஷம் இன்ஸ்பெக்சனாக இருந்தவளுக்கு அன்றுதான் பேர் கிடைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு மனுஷனுக்காக உயிரைக்கூடக் கொடுக்கலாம் என்று ஷெட்டே பேசிக்கொண்டது. உயிரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுக்கவேண்டியிருந்தது வேறு ஒன்று, அது ஞானசேகர் விஷயத்தில்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஸ்டோர் ஞானசேகர், பாவம், மெல்லிய தகட்டைக் கனமான தகடு என்று நினைத்து வெட்டக் கொடுத்துவிட்டார், இரண்டு தொட்டி முடிந்தபிறகுதான் தெரிந்தது. நேர்மையான மனுஷர், மறைக்கத் தெரியாது, ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சொல்லிவிட்டார். திருமாறன் கத்தவில்லை. சரிண்ணே, பரவாயில்ல என்றான். சொல்லிவிட்டுப் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான், முகம் அப்படிச் சுருங்கிப்போயிருந்தது. இரண்டு நாள் பட்டறைக்கு வரவில்லை, பிபி ஏறிவிட்டது என்றார்கள். அந்த இரண்டு நாளும் ஞானசேகரோடு யாரும் பேசவில்லை. டீ வந்தால் அவருக்கு எடுத்துவைக்க மறந்துபோனார்கள், சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது. யாரும் இதைச் சொல்லிச் செய்யவில்லை, திருமாறன் நிச்சயமாகச் சொல்லவில்லை. நாலாவது மாதம் அவர் கணக்கை முடித்துக்கொண்டு கரூர்ப் பக்கம் போய்விட்டார். ஜெசிந்தாவும் பேசவில்லை. அவள் பேசியிருக்கலாம், ஒரு வார்த்தை, சாப்பிட்டீங்களாண்ணே என்று. அதற்குப் பிறகு ஷெட்டில் எழுதாத சட்டம் ஒன்று வந்துவிட்டது, சாருக்குத் தெரிய வேணாம். தகடு கீறிப்போனால் சாருக்குத் தெரிய வேணாம், அளவில் ஒரு மில்லிமீட்டர் போனால் சாருக்குத் தெரிய வேணாம், அவர் மனசு தாங்காது. பெரியவர் காலத்தில் பயந்துபோய்ப் பொய் சொன்னார்கள், அது பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். இப்போது பாசத்தில் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு ஏதோ தர்மம் பண்ணின மாதிரி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். இதில் எது மோசம் என்று அவள் பல நாள் யோசித்ததுண்டு. யோசித்தாலும் வாயைத் திறந்ததில்லை, அவளும் அவர்களில் ஒருத்திதானே.

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் முள் அசைந்தது. அசைந்த மாதிரி இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நாலுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு, அந்தக் கோட்டின் மேல் முள்ளின் நுனி. முன்பும் அங்கேதான் இருந்ததோ, உட்கார்ந்த உயரத்தில் பார்ப்பதால் அப்படித் தெரிகிறதோ. எழுந்து நின்று நேராகப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், கண்ணாடிமேல் விரலால் இரண்டு தடவை தட்டினாள். தட்டியதும் அது திருட்டுத்தனமாக இன்னும் ஒரு மயிரிழை இறங்கியது. காற்று மாட்டியிருக்கும், உள்ளே எங்காவது காற்றுக் குமிழ் இருந்து கரைந்திருக்கும். அல்லது கேஜ் வாஷர். அல்லது வால்வு சரியாக மூடவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் எழுந்து போயிருந்தால் இந்தத் தொட்டி பாஸ். இது மனதில் வந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அன்றைக்கும் இப்படித்தானா, இருபத்திரண்டாவது நிமிஷத்தில் இப்படி ஒரு மயிரிழை இறங்கியிருக்குமா, தண்ணீரை அதற்குள் சாக்கடையில் விடாமல் இருந்திருந்தால். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு யாரோ பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஒன்றும் இல்லாததைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பயம். ஆனால் ஆள் நிஜமாகவே நின்றது. குழந்தைசாமி.

அவர் கேஜைப் பார்க்கவில்லை, நேராகத் தொட்டியின் இடதுபக்கத் தையலுக்குப் போனார், கீழ் மூலையில் தோள்துண்டால் ஒரு துடை துடைத்தார். துடைத்த இடத்தில் சாக்பீஸ் பூச்சு போயிருந்தது, அதற்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஈரமாகத் தெரிந்தது. எங்கே ஒழுகும் என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. முப்பது வருஷமாக இந்தப் பட்டறையின் தையல் எல்லாம் அவர் கை போட்டது. திருமாறன் சின்னப்பிள்ளையாகப் பட்டறைக்கு வந்தபோது தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டியது அவர். கேஜு பழசும்மா, ரெண்டு அடி அடிச்சா ஏறிக்கும் என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே பம்ப் கைப்பிடியில் கைவைத்தார். ஷெட்டில் இதற்குக் கைகொடுப்பது என்று பேர். முள் தளர்ந்தால் பம்ப்பை இரண்டு அடி அடித்து மறுபடி நாலில் நிறுத்திவிடுவது. மற்ற பட்டறைகளில் தினமும் நடக்கிறது, இங்கே அவள் எழுந்திருக்காமல் உட்கார ஆரம்பித்தபிறகு ஒன்பது வருஷமாக நடக்கவில்லை. ஜெசிந்தா அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். வயசான கை, வெல்டிங் பொறி பட்டுப் பட்டுத் தோல் தடித்துப்போன கை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். யாராவது தூரத்திலிருந்து பார்த்திருந்தால் ஏதோ சாமிக்கு முன்னால் சத்தியம் பண்ணுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

“கண்ணு தெரியல ஜெசிம்மா,” என்றார் குழந்தைசாமி. “ஆறு மாசமா லைனு ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஒரு குத்துமதிப்பாத்தான் போட்டுக்கிட்டு வரேன். தம்பிக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும்மா. அதுக்குத் தெரிய வேணாம்.”

ஆறு மாசம். ஆறு மாசத்தில் எத்தனை தொட்டி போயிருக்கிறது, இருபதா, இருபத்தைந்தா, எல்லாம் அரை மணி நின்றவை, எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். நின்றதுதானே, இருக்கட்டும். ஆனால் அவர் வெல்டிங் குச்சியை விரலால் தடவித் தடவி நுனியைக் கண்டுபிடிப்பதை அவளும் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். ஷெட்டுக்கே தெரியும். தெரியாதவன் ஒருவன்தான், எல்லாரும் சேர்ந்து பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற ஒருவன். கையை எடுங்கண்ணே என்றாள். அவர் எடுத்தார். எடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய், சிலிண்டர் மேல் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். இருபத்தேழு. இருபத்தெட்டு. சொன்னால் இந்த மனுஷர் போவார், திருமாறன் முகம் அப்படிச் சுருங்கும், சாப்பாட்டில் அவள் பக்கத்தில் இடம் காலியாகும். சொல்லாவிட்டால் முள்ளில் இரண்டு பாயிண்ட் இறக்கம், வெறும் இரண்டு பாயிண்ட். ஆஸ்பத்திரியில் ஓடப்போவது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, இவள் போட்டிருப்பது நாலு, ஒன்றும் ஆகாமலேயே இருபது வருஷம் ஓடலாம். அங்கம்மாளின் தொட்டியும் ஓடியிருக்கலாம். பெரியவரின் சத்தத்துக்குப் பயந்தது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. கத்துகிறவனை மனசுக்குள் வையலாம், வைதுவிட்டுத் தப்பை அவன்மேல் போடலாம். அக்கா என்கிறவன்மேல் எதைப் போடுவது. முப்பது. முள் மூன்று புள்ளி எட்டில் நின்றது, தையலோரக் கோடு ஒரு சாண் நீளம் வந்திருந்தது.

திருமாறன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தபடியே வந்தான். லாரி ரெண்டு மணிக்கு வருதாம், முடிஞ்சுதாக்கா என்று கேட்டான், அந்தச் சிரிப்போடு. அவன் புதன்கிழமைகளில் அவள் டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாடு எடுத்துத் தின்பான், மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரைக் கொடுத்து அனுப்பினான், இது எல்லாம் நிஜம்.

“நிக்கல சார்,” என்றாள். “மூணு எட்டுக்கு எறங்கிருச்சு. தையல் ஒழுகுது.”

அவள் எதிர்பார்த்தபடியே முகம் சுருங்கியது. குழந்தைசாமி துண்டை எடுக்கவில்லை. திருமாறன் குழந்தைசாமியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான், கேஜை மட்டும் பார்க்கவில்லை. இரண்டடி தூரத்தில் இருந்தது, பார்க்கவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பி, கோபம் துளிகூட இல்லாமல், நிஜமான வருத்தத்தோடு சொன்னான்.

“ரெண்டு பாயிண்ட்தானேக்கா. இத நீங்க எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாமே.”

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கும், அவளுக்குக் கேட்கவில்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமையாக மேசைக்கு வந்த அத்தனை வெற்றுப் பாரங்களும் அவளுக்குப் புரிந்தன. பாத்ரூமில் அழுத அழுகை புரிந்தது, ஞானசேகர் ஏன் போனார் என்பது புரிந்தது. இவன் ஒன்றும் தெரியாத பிள்ளை இல்லை. தெரியாமல் இருப்பதற்கு இத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறான், அவனுக்கே அது தெரியாமல்கூட இருக்கலாம். அப்பன் கத்தி எழுதவைத்தான், பிள்ளை கலங்கி எழுதவைக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருஷமாகத் தன்மேல் மட்டுமே வந்துகொண்டிருந்த கோபம் முதல் தடவையாக வெளியே வந்து ஓர் ஆளைத் தேடி நின்றது.

அவள் பேடை எடுத்தாள். மேல் தாளில் தொடக்கம் பத்து நாற்பத்திரண்டு, நாலு கிலோ என்று எழுதினாள். முடிந்த நேரம் பதினொன்று பன்னிரண்டு, மூன்று எட்டு. இடதுபக்கத் தையலில் கசிவு. முடிவு என்ற கட்டத்தில் நிற்கவில்லை என்று நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதினாள், கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அவன் அருகில் வந்து, இருங்கக்கா, அவசரப்படாதீங்க, அந்தத் தாள எங்கிட்ட குடுங்க, நாளைக்கு நிதானமா உக்காந்து பேசலாம் என்றான்.

“இதுல ஏற்கெனவே உங்க கையெழுத்து இருக்கு சார்,” என்றாள் ஜெசிந்தா.

கார்பன் பிரதியைக் கிழித்து அவனிடம் நீட்டினாள். அசலைப் பேடில் வைத்துக்கொண்டு வால்வைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சாக்கடையில் போக நிறைய நேரம் ஆயிற்று, அதுவரைக்கும் அவன் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு ஆபீஸுக்குப் போனான். இரண்டு மணிக்கு வந்த லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது, டீயும் வரவில்லை. ஜெசிந்தா டப்பாவைத் திறந்தாள். நல்ல பசி, கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள்.